நிற்கையில் மட்டும்

ஓடும்போது ஒரு குறையும் இல்லை.
அறுபது மைல் வேகத்தில், எதிர்க்காற்றில்,
பின்தட்டு நிறைய மூட்டையோடு மேடேறிவிடும்.
நில் என்றால்தான் நடுங்கும்.

என் பிழைப்போ நிற்பது.
நெவாடாவின் வடகிழக்கு மூலை, எழுபது மைல் மண்சாலை,
அறுபத்தோரு தபால் பெட்டிகள்.
இருக்கையின் நடுவில் சாய்ந்து
இடது காலால் பிரேக், வலது கையால் பெட்டிக் கதவு.
ஒவ்வொரு பெட்டியிலும்
தொண்ணூறாம் வருடத்து டொயோட்டா
குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறும்.
முள் ஐந்நூறுக்குச் சரியும்.
மடியிலிருக்கும் கடிதங்கள் தாமாகவே வரிசை மாறும்.
ஒன்பதாவது பெட்டியில், பெரும்பாலும், அணைந்தே போகும்.

உதிரிபாகக் கடைப் பையன் ப்ளக் என்றான். மாற்றினேன்.
வயர் என்றான். மாற்றினேன்.
டாங்கில் ஊற்று என்று ஒரு பாட்டில் தந்தான்.
நூற்றெண்பது டாலருக்குப் பிறகு
உதறல் பழையது, ரசீதுகள் புதியவை.

ஞாயிறு காலை
ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி
பானெட்டுக்குள் ஃபெண்டரோரம் இருக்கும் சின்னப் பெட்டியில்
இரண்டு துளைகளை இணைத்தேன்.
டேஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது:
இரண்டு. இடைவெளி. ஐந்து.
மறுபடி
இரண்டு. இடைவெளி. ஐந்து.

யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும்.
காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்கிறது.
காற்று எந்த வழியாக என்று அதற்கும் தெரியாது.

முழங்கையை ஊன்றி யோசித்தேன்.
வேகத்தில் எஞ்சின் வாளி வாளியாய்க் காற்றைக் குடிக்கிறது;
ஓட்டையில் நுழையும் ஒரு கரண்டி
கணக்கிலேயே வராது.
நிற்கையில் அது குடிப்பதே ஒரு டம்ளர்.
அப்போது அந்தக் கரண்டி
பெரிய திருட்டு.

ஸ்ப்ரே டப்பாவோடு திருடனைத் தேடினேன்,
கொஞ்சம் பீய்ச்சி, காதைக் கொடுத்து.
கேஸ்கெட் ஓரம்: ஒன்றுமில்லை.
பிரேக்குக்குப் போகும் குழாய்: ஒன்றுமில்லை.
இன்ஜெக்டர்களின் அடி: ஒன்றுமில்லை, விரல் சுட்டதுதான் மிச்சம்.
காற்று வடிகட்டியிலிருந்து வரும்
துருத்திபோல் மடிப்பு வைத்த தடித்த ரப்பர் குழாயின்
அடிப்பக்கம் பீய்ச்சியபோது
ஆட்டம் நின்றது.
முள் எழுநூற்றைம்பதில் வந்து உட்கார்ந்தது.
மூன்று நொடி.
பிறகு எழுந்து போய்விட்டது.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் குற்றமற்ற குழாய்.
வளைத்தபோதுதான்
மூன்றாவது மடிப்புக்குள் ஓர் உதடு திறந்தது.
எஞ்சின் ஆடுவதால் பிளவு திறக்கிறது,
பிளவு திறப்பதால் எஞ்சின் ஆடுகிறது.
முதலில் தொடங்கியது எது என்று என்னிடம் கேட்காதீர்கள்.
ஷெல்டனோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான்.

சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டினேன்.
சூட்டில் இளகி, பன்னிரண்டாம் பெட்டியருகே கைவிட்டது.
புதுக் குழாய் ரீனோவிலிருந்து ஆறு நாளில் வந்தது,
டெல்ஃபின் உரூட்டி, பெட்டி எண் 61.
நானே பிரித்து அடுக்கினேன்.
அறுபது பெட்டிகளிலும் நடுங்கி நடுங்கி
அந்த வண்டியே தன் மருந்தைச் சுமந்து போனது.
கடைசிப் பெட்டியில் போட்டு, மூடி,
மறுபடி திறந்து எடுத்தேன்.
முறை முறைதான்.

மறுநாள் எல்லாப் பெட்டியிலும் அசையாமல் நின்றது.
செடிப்புதரில் காற்று போவதுகூடக் கேட்டது.

முப்பத்திநான்கில் ஓரின் ஸ்டாடர்ட் இல்லை.
கண் மங்கியவர்; எப்போதும் கேட்டருகே காத்திருப்பார்.
கடிதத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.
அதற்கடுத்த நாள் காலையிலிருந்தே நின்றிருக்கிறார்,
தொப்பியில் புழுதி.
"நேற்று நீ வரவேயில்லையே."
வந்தேன், பெட்டியில் இருக்கிறது என்றேன்.
அவர் வண்டிப் பக்கம் தலையைச் சாய்த்து
வெகுநேரம் கேட்டார்.
"வண்டி ஓடிக்கொண்டா இருக்கிறது?"

இப்போது அவர் கேட்டுக்கு ஐம்பது கஜம் முன்பே
ஹார்ன் அடிக்கிறேன்.
இரண்டு. இடைவெளி. ஐந்து.
அது என்ன கணக்கு என்று
அவர் இன்னும் கேட்கவில்லை.