மூன்றாவது குழி

வேலந்தாவளம் தாண்டி இரண்டாவது கிலோமீட்டரில்
ஆகரும் வாளியும் அளவுகோலுமாக இறங்கினேன்.
ஐப்பசி. முந்தைய நாள் மழை.
பதினான்கு மாடு, கறப்பது எட்டு.
கடன் விண்ணப்பத்தில்
'புதுக் கொட்டகை, கிழக்கு மூலை' என்றிருந்தது.

ரங்கம்மணி பால் கேனைக் கவிழ்த்துவிட்டு,
"மாட்டப் பாக்கவா, மண்ணப் பாக்கவா?"
மண்ணை என்றேன்.
"அப்பச் செருப்பக் கழட்டிருங்க.
நீங்க கழட்டலீன்னா அதுவே கழட்டிக்கும்."

முதல் குழி மேட்டில், தென்னைகளுக்கு நடுவே.
செம்மண், உள்ளங்கையில் ஈரமாக்கி உருட்டி
விரலிடுக்கில் நாடாவாகப் பிதுக்கினால்
ஒரு கணு நீளத்தில் உதிர்ந்துவிடுகிறது.
ஊற்றிய தண்ணீர் இருபத்திரண்டு நிமிடத்தில் காணோம்.
எனக்கு இப்படிப்பட்ட மண்ணைப் பிடிக்கும்.
கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு
அதன் வேலையைப் பார்க்கும்.

இரண்டாவது, சரிவில்,
கொட்டகை கழுவிய நீர் வந்து தேங்குமிடத்தில்.
கரிசல். ஆகரை விட மாட்டேன் என்கிறது.
நாடா ஏழு சென்டிமீட்டர் போயும் அறவில்லை,
பசுவின் நாக்குபோல விரலில் தொங்குகிறது.
நடுநடுவே சுண்ணாம்புக் கல்;
ஒரு சொட்டு அமிலம் விட்டதும்
சோடா மாதிரி நுரைத்தது.
குழியை நிரப்பிவிட்டுக் கடிகாரம் பார்த்தேன்: ஒன்பது நாற்பது.
பத்து மணிக்கு அரை விரற்கடை இறங்கியிருந்தது.
பத்தேகாலுக்குப் பாதிக் குழி காலி.

இது கரிசலுக்கு அழகில்லையே என்று
நிமிர்ந்தால்
கயிறறுத்த கிடாரி ஒன்று
மூக்கு நுனியில் கருஞ்சேறோடு நிற்கிறது.
ரங்கம்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு,
"எழுதிக்குங்க, நல்லா உறிஞ்சுதுன்னு."

மறுபடி நிரப்பினேன்.
கிடாரியைக் கட்டினார்.

மூன்றாவது, அந்தக் கிழக்கு மூலை.
பார்வைக்கு அதுதான் லட்சணம்:
சமதளம், வேனுக்கு வழி, கைக்கெட்டும் மின்கம்பம்.
ஓரமெல்லாம் கோரை மட்டும் முளைத்திருந்தது.
ஆகரை ஒரு சுற்றுச் சுற்றினேன்.
வேரில்லை. புழுவில்லை.
எடுத்த எடுப்பிலேயே சாம்பல் களி,
அதில் துருப்பிடித்த புள்ளிகள்,
அடைத்த சாக்கடையைத் திறந்தாற்போல் ஒரு வாடை.
இரண்டடிக்குக் கீழே இருக்கவேண்டியது
மேலேயே கிடந்தது.

"மேல்மண் எங்கேங்க?"

அவர் கோரை ஒன்றைப் பிடுங்கினார்.
இன்னொன்றைப் பிடுங்கினார்.
"சூளைக்குப் போச்சுங்க.
கொழுந்தனாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு.
நாப்பத்தேழு லோடு.
நாப்பதுன்னுதான் அவன் காசு குடுக்க வந்தான்,
நான் இங்கயே நின்னு எண்ணுனேன்,
ஏழு லோடுக்குச் சண்டை போட்டு வாங்குனேன்."
பிறகு,
"அந்தச் செங்கல்லுல கட்டுன வூடு
எங்கியாச்சும் ஒழுகாம நிக்கட்டும்."

படிவம் மலையாளத்தில்.
நிறம், நயம், ஆழம், வடிகால் எனக் கட்டங்கள்.
ஆழம் என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.
பக்கத்தில் 47 என்று எழுதி
அடித்துவிட்டேன்.

கொட்டகை இங்கே வேண்டாம்,
குளம்பு அழுகும், மடி வீங்கும்,
மேட்டுக்குக் கொண்டு போங்கள் என்றேன்.
இங்கே தண்ணீர்ப்புல் போடலாம்,
சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி
அந்தப் பக்க ஓடையில் விடலாம்.
"மேட்டுல நாலு தென்னை போகுமே."
மூன்றுதான் என்றேன்.
"எண்ணிட்டீங்களா?" என்றார், என்னைப் பார்த்து,
நான் எண்ணத்தான் செய்திருந்தேன்.

சாலையில் பால் வண்டி ஒலியெழுப்பியது.
அவர் கேனோடு ஓடினார்.
சாமான்களை எடுக்கக் குனிந்தால்
மூன்றாவது குழியின் அடியில் ஏதோ மின்னுகிறது.
அதில் நான் இன்னும்
ஒரு குவளைகூட ஊற்றவில்லை.
அளவுகோலை விட்டுப் பார்த்தேன்:
நாலு சென்டிமீட்டர்.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஐந்து.