படுக்கை ஆறு காலி

கும்பகோணத்தில், மகாமகக் குளத்துக்கு
இரண்டு தெரு தள்ளி
நான் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு
இன்சூரன்ஸ் டெஸ்க் என்று பெயர்.
ஆதார் நகல் இரண்டு, பாலிசி அட்டை, பான்.
வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு
சென்னையிலிருந்து வரும் ஒற்றைச் சொல்லுக்காகப்
பத்து வருஷமாகக் காத்திருக்கிறேன்,
யார் யாருக்காகவோ.

விலக்குகள் எனக்கு மனப்பாடம்.
பல், மூக்குக் கண்ணாடி, முடி நடுதல்,
போரில் பட்ட காயம்
(வலங்கைமானில் எந்தப் போர்?),
தடுப்பூசி, நாய் கடித்தால் தவிர.
நாய் கடித்தால் தவிர.

இந்த மாதம் நான்
கூண்டுக்கு வெளியே நிற்கிறேன்.
தாரணிக்குப் பதினாலு நடக்கிறது.
பள்ளிக்கு வந்த டாக்டரம்மா சொன்னாராம்:
பதினைந்துக்குள் என்றால் ரெண்டு ஊசி போதும்,
தாண்டினால் மூணு.
கருப்பை வாய்ப் புற்று
என்றைக்கோ வந்து கதவைத் தட்டாதிருக்க
இப்போதே போட்டுக்கொள்வது.
ஒன்று இரண்டாயிரத்துச் சொச்சம்.

அந்த நோய் வந்துவிட்டால்
என் பாலிசி ஐந்து லட்சம் தரும்.
கீமோ, ரேடியேஷன், தனி அறை வாடகை.
ஆம்புலன்ஸுக்கு மட்டும் இரண்டாயிரம்.
அதே இரண்டாயிரம்.
வராமலிருக்கக் கேட்டால்
எதிர்பாராதது மட்டுமே என்கிறது.
எதிர்பார்த்துவிட்டது என் குற்றம்.

போன வாரம் எங்கள் தெருவில் கோமாரி முகாம்.
கொட்டகை கொட்டகையாக வந்து
செவலைக்கும் அதன் கன்றுக்கும் போட்டுவிட்டுக்
காதில் மஞ்சள் தோடு மாட்டிப் போனார்கள்.
ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை.
"எனக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லியிருக்கலாம்"
என்று தாரணி சிரித்தாள்.

பில்லிங்கில் இருக்கும் ஜெபராணி
குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள்.
"என்னக்கா, தெரியாதவங்க மாதிரி.
படுக்கை ஆறு காலி.
காய்ச்சல்னு ஒரு ராத்திரி போடுங்க.
ஒரு டிரிப்ஸ், ஒரு ரத்தப் பரிசோதனை,
ஊசிய மருந்துக் கணக்குல கரைச்சிடலாம்."

எனக்குத் தெரியாததா.
எத்தனை பேருக்கு அந்த இருபத்துநாலு மணி நேரத்தை
நிமிஷம் குறையாமல் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

படிவத்தில் பேர் எழுதினேன்.
வயது எழுதினேன்.
அறிகுறிகள் என்ற கட்டத்தில் பேனா வைத்தபோது
சீருடையோடு பக்கத்தில் நின்றவள்
தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்தாள்.
புறங்கையைத் திருப்பி இன்னொரு முறை.
"இல்லையேம்மா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.
கண்டக்டர் ஒரு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால்
சொல்வாளே, அது மாதிரி.

படிவத்தைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் கைப்பேசியை நீட்டினார்.
போன கார்த்திகையில்
எங்கள் ஆறு மா சம்பாவும்
குடமுருட்டித் தண்ணீரில் பதினோரு நாள் நின்றது.
அழுகியபின் வந்து,
எங்கள் வயலை விட்டு வேறெங்கோ அறுத்து நிறுத்து,
ஊர் முழுக்கச் சராசரி போட்டு,
ஒன்பது மாதம் கழித்துப் பயிர்க் காப்பீடு:
இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
"செத்தாத்தான் குடுப்பானுங்க" என்றார்,
நெல்லைப் பற்றி.

அந்தப் பணத்தில்
செவ்வாய்க்கிழமை முதல் ஊசி. இடது தோள்.
பஞ்சை அழுத்திக்கொண்டு
அவ்வளவுதானா என்று கேட்டாள்.
ரசீதைக் கோப்பில் செருகினேன், பழக்கதோஷம்.
யாருக்கு அனுப்ப?

அடுத்தது மாசியில்.
அதற்குள் அறுத்திருப்போம்,
இந்தக் கார்த்திகை எங்களை விட்டுவைத்தால்.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு படிவம்.
படுக்கை ஆறு. வயது பதிமூன்று.
காய்ச்சல் என்று ஜெபராணியின் கையெழுத்து.
எழுந்து போய் அந்தப் பிள்ளையின்
நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.
ஸ்கேன் செய்தேன்.
அனுப்பினேன்.