பால்கனி

நவம்பர் முதல் ஞாயிறு
ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள் மைரே.
"வெளியே மைனஸ் நான்கு.
உள்ளே ஒரு பெட்டிக்குக் குளிரைக்
காசு கொடுத்து வாங்குகிறோம்.
அதற்காக நார்வாவில் பாறையை எரிக்கிறார்கள்."
என்னிடம் பதில் இல்லை.

டார்ட்டு நகரம். ஐந்தாம் மாடி.
பாலும் கனியும் பால்கனிக்குப் போயின.
வெண்ணெயைக் காகம் கொத்தியது;
மூடிமேல் செங்கல் வைத்தோம்.
நடுராத்திரி பசித்தால்
கோட்டு மாட்டிக்கொண்டு போகவேண்டும்
ஒரு துண்டு சீஸுக்கு.

"இனி உலகம் பிழைத்துக்கொள்ளும்"
என்று சிரித்தார் தரைத்தள ஹில்லர்.

காலிப் பெட்டியில்
கம்பளிக் காலுறைகளை அடுக்கினாள்.
திறந்தால் விளக்கு எரியாது.
அதற்குத்தான் பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஜனவரி.
ஒன்பது நாளாய் மழை. பனி இல்லை.
ஆறு உறையவே இல்லை.
ஜன்னல் வெப்பமானியில் ஏழு.
பால் திரிந்துவிட்டது.

குவளையை முகர்ந்தாள்.
வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வராமலே போனவரைத் தேடுவதுபோல
ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

என் கை பிளக்கைத் தொட்டது.
"இரு."

புளித்த பாலில் முட்டை, மாவு, ஒரு சிட்டிகை உப்பு.
பதினான்கு பான்கேக் சுட்டாள்.
நாளை முதல் அரை லிட்டர் போதும் என்றாள்,
என்னிடமா, பாலிடமா தெரியவில்லை.

நான்கை ஹில்லருக்கு எடுத்துப்போனேன்.
இந்த முறை அவர் சிரிக்கவில்லை.
தட்டை வாங்கிக்கொண்டு
என் தோளுக்கு அப்பால் கைகாட்டினார்:
வாசலில் வில்லோ
மொட்டு விட்டிருந்தது.