எண்ணுக்குப் பதில் வருகிறது

மல்லாவிச் சங்கத்தில் நேரம் ஒன்பதரை.
நெற்காசுக்கு வந்தவர்கள் நாற்பது பேர்,
அவர்கள் கையில் நாற்பது துண்டு, என் கையெழுத்தில்.
திரையில் ஒரு வட்டம்
சூடு மிதிக்கிற மாடு மாதிரி
சுற்றிக்கொண்டே நிற்கிறது.

"யானை" என்றார் முகாமையாளர்.
எது நின்றாலும் அவருக்கு யானை.
கரண்ட் நின்றால் யானை,
போன மாதம் சம்பளம் பிந்தியதற்கும்
ஒலுமடுப் பக்கம் ஒரு யானை வந்திருந்தது.
ரூட்டரை அணைத்துப் போட்டார்.
திரும்ப அணைத்துப் போட்டார்.
விசிறியையும் ஒருக்கால் அணைத்துப் போட்டார்.

உதவி இலக்கத்துக்கு எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன். வயலின் வாசித்தது.

பிறகுதான் அந்தக் கறுப்புச் சாளரத்தைத் திறந்தேன்.
படமில்லை, பொத்தான் இல்லை,
மினுங்குகிற ஒரு கோடு மட்டும்:
சொல்லு, என்ன வேணும்.

முதலில் தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.
நூற்றிருபத்தேழு, பூச்சியம், பூச்சியம், ஒன்று:
எந்தக் கணினிக்கும் 'நான்' என்பதன் எண்.
நாலு தரம் கேட்டேன். நாலு தரமும்
ஒரு மில்லிசெக்கனுக்குள்
இருக்கிறேன் என்றது.
சில விடியல்களில் எனக்கு இதைவிட நேரம் எடுக்கும்.

அடுத்தது ரூட்டர், சுவரில், பல்லிக்குப் பக்கத்தில்.
இருக்கிறேன்.

அதற்கப்பால் வழியைக் கேட்டேன்,
எந்தெந்தச் சந்தியால் போகிறாய் என்று.
ஒவ்வொன்றாய் எழுதிற்று.
முதற் சந்தி, மூன்று மில்லிசெக்கன்.
இரண்டாவது, பத்தொன்பது.
மூன்றாவது பேசவில்லை. மூன்று நட்சத்திரம் மட்டும்.

"அறுந்துபோச்சோ பிள்ளை?"
கம்பிக்கு அந்தப் பக்கத்தால்
உழவு மெசின்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.
இல்லையண்ணை, சில சந்தியில ஆள் நிக்கும்,
கேட்டாப் பதில் சொல்லாது, ஆனாப் போக விடும்.
அவருக்கு உடனே விளங்கிற்று.
ஒரு காலம் ஏ ஒன்பதால் லொறி ஓடினவராம்.

ஒன்பதாம் சந்தியில் போய்ச் சேர்ந்தது.
கம்பி அறவில்லை. யானை வரவில்லை.
அதே இடத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
அப்படி ஒருவரைத் தெரியாது என்றது.

திரும்ப எண். இருக்கிறேன்.
திரும்பப் பெயர். தெரியாது.

இந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது.
ஒன்பது வயதில், செட்டிகுளத்தில்,
நான் ஒரு வலயம், ஒரு கூடாரம், ஒரு அட்டை.
எண்ணைச் சொன்னால் பருப்பு வரும்.
ஒலிபெருக்கியில் பெயர்கள் கூப்பிடத் தொடங்கினால்
அம்மா என் காதைப் பொத்துவா.

முகாமையாளர் பின்னால் நின்று செருமினார்.

வருத்தம் பிடிபட்டுவிட்டது.
பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டுகிற ஒரு விதானை
இணையத்திலும் உண்டு.
எங்கள் விதானைக்கு இன்று சுகமில்லை.
வேறொருவரின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்,
இனி இவரைக் கேள் என்று.
உள்ளே தேங்கிக் கிடந்த பழைய பதில்களை
வவுனிக்குளத்துத் துருசைத் திறக்கிற மாதிரி
ஒரே கட்டளையில் திறந்துவிட்டேன்.
சரிவந்தது என்று ஒரு வரி எழுதி
கறுப்புச் சாளரம் ஒரு முற்றுப்புள்ளி வைத்தது.
அதற்கு ஆரவாரம் தெரியாது.

வட்டம் நின்றது. பக்கம் விரிந்தது.
"பாத்தியே, அணைச்சுப் போட்டது வேலை செய்திட்டுது!"
ஓம் சேர்.

அன்றைக்கு மட்டும் துண்டைப் பார்க்க மனம் வரவில்லை.
பதினேழு என்று கூப்பிடாமல்
"இராசரத்தினம்" என்றேன், கொஞ்சம் உரத்தே.
மூன்று பேர் எழும்பினார்கள்.
பாண்டியன்குளத்து ஒருவர்,
கொல்லவிளாங்குளத்து ஒருவர்,
காது மந்தமான மூன்றாமவர்
மற்ற இருவரும் எழும்புவதைப் பார்த்து எழும்பியவர்.

அடையாள அட்டைகளை வாங்கி
எண்ணைப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.