காற்று என்று எழுதியிருக்கிறது

பெட்டி எண் நூற்றுப் பன்னிரண்டு.
திறந்ததும் ஈரமண்ணும் ஹைப்போவும் கலந்த வாடை.
மலையடிவார நிலையத்தின் நிலவறையில்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால்
எத்தனையோ குளிர்காலம் கிடந்து
போன மாதம்தான் அல்மாட்டிக்கு வந்தது,
ரொட்டி வண்டியில்.

ஒளித்தாள் சுருண்டே பழகிவிட்டது.
விரித்தால் சீறி மறுபடி சுருள்கிறது.
நான்கு மூலைக்கு நான்கு இஸ்திரிப்பெட்டி
(ஒயர் அறுந்தவை; தால்கத் எங்கிருந்தோ கொண்டுவந்தான்).
தட்டையாகப் படிந்ததும்
ஸ்கேனர் மெல்ல ஊர்கிறது.

ஒரு நாளுக்கு ஒரு தாள்.
ஒரு மணிக்கு ஒரு வரி.
இருபத்து நான்கு வரியிலும் பூமி
பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
எண்ணாக்கிக்கொண்டிருக்கிறேன்,
தாளுக்கு இத்தனை டெங்கே என்று.

ஓரத்தில் பென்சில் குறிப்புகள்:
கடிகாரம் நான்கு விநாடி பிந்துகிறது, திருத்தினேன்.
செம்மறி மந்தை போனது.
அடுப்பு மூட்டினேன், மன்னிக்கவும்.
யாரிடம் கேட்ட மன்னிப்போ.
கையெழுத்து எல்லாம் ஒருத்தியுடையது: கு. யெசெனோவா.
குல்பாஷ் என்கிறது சம்பளப் பதிவேடு.

அறுபத்தாறாம் வருடத்துத் தாள் ஒன்றில்
ஒரு சன்னல்.
தீப்பெட்டி அகலம். நேர்த்தியான நான்கு வெட்டு.
துளை வழியே ஸ்கேனர் மூடியின் வெள்ளை.
மென்பொருள் சற்றும் தயங்கவில்லை.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு இழுத்தது:
அமைதி.

மூன்று வருட வேலையில்
அவ்வளவு அமைதியான பூமியை நான் பார்த்ததே இல்லை.

பிறகு மார்ச்சில் ஒன்று.
கோடையில் இரண்டு, ஒரே வாரத்தில்.
எல்லாம் காலை பத்து மணியை ஒட்டி.
நிலநடுக்கத்துக்கு அலுவல் நேரம் கிடையாது.

ஒரு வரியை எடுக்கப்போய்
மேல் வரியும் கீழ் வரியும் சேர்ந்து போயிருக்கின்றன:
ஒன்பது மணியின் சில நிமிடம்,
பதினொன்றின் சில நிமிடம்,
யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவை.

ஓரக் குறிப்பு: காற்று.
பதினேழு சன்னல்.
பதினேழு முறையும் காற்று.

வானிலைப் பதிவேடும் அவள்தான் எழுதினாள்.
வேறொரு பெட்டியில் கிடந்தது, எலி கொறித்த ஓரத்தோடு.
அதே தேதிகளைப் புரட்டினேன்.
காற்றில்லை. புகை நேராக ஏறுகிறது.
காற்றில்லை.
காற்றில்லை. பாப்லர் இலை அசையவில்லை.
அதே பென்சில். இடப்பக்கம் சாயும் அதே எழுத்து.

தால்கத்திடம் காட்டினேன்.
தேநீர்க் கிண்ணத்தைத் தட்டில் வைத்து
லேசாக ஆட்டினான், கிணுகிணுவென்று.
"அம்மாவுக்குச் செமேய்ப் பக்கம்.
அலமாரி இப்படித்தான் பேசும் என்பாள்."
வேறொன்றும் சொல்லவில்லை.
சிந்திய வட்டத்தைச் சட்டைக் கையால் துடைத்தான்.

வெட்டச் சொன்னது யாரென்று பெட்டியில் இல்லை.
கடிதமா, தொலைபேசியா,
தொப்பி கழற்றாமல் உள்ளே வந்து நின்ற யாரோவா.
ஆனால் வெட்டு எப்போதும்
கொஞ்சம் முந்தியே முடிந்துவிடுகிறது.
சன்னலின் வலப்புறம் ஒரு விரல்நீளம்
நடுக்கத்தின் வால் மிச்சம்:
தணிந்து தணிந்து போகும் சிற்றலைகள்.
கைத்தவறு என்றுதான் முதலில் நினைத்தேன்.
பதினேழு முறை தவறும் கை
கடிகாரத்தை நான்கு விநாடிக்குத் திருத்தாது.

திரை காரணம் கேட்கிறது.
நடுக்கம், இரைச்சல், சேதம்:
மூன்றில் ஒன்று.
சேதம் போட்டுவிட்டுப் போ என்கிறார் நூர்ஸவுலே அம்மையார்,
அவருக்கு வெள்ளிக்குள் முந்நூறு தாள் வேண்டும்.
சேதம் எலி செய்வது. ஈரம் செய்வது.

அந்த அமைதிக் கோட்டை அழித்தேன்.
சுழியம் வேறு, இன்மை வேறு.
விநாடிக்கு நாற்பது இடம்,
ஒவ்வொன்றிலும் மதிப்பு இல்லை, மதிப்பு இல்லை.
வாலை மட்டும் புள்ளி புள்ளியாகப் பின்தொடர்ந்தேன்,
கண் எரிய, இரவு ஒன்பது வரை.
இன்றைய கூலி ஒரு தாளுக்கு.

இஸ்திரிப்பெட்டிகளை எடுத்ததும்
தாள் தன் பாட்டுக்குச் சுருண்டுகொண்டது.

குறிப்புக் கட்டத்தில்
அவள் எழுதியதையே எழுதினேன்: காற்று.
பக்கத்தில், அதே நாள்
அவள் எழுதிய மற்றதையும்:
புகை நேராக ஏறுகிறது.