அடிப்பக்கம்

வெண்கடலின் குளிர்க் கரையில்
கல்லை மேலிருந்து படிக்கக் கூடாது.
புரட்ட வேண்டும்.
எழுதியிருப்பதெல்லாம் அடிப்பக்கம்.

இருபத்து நான்கு வயதில் இது எனக்குத் தெரியாது.
ஜூலை முழுக்க
மேற்பரப்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
அதற்குள் கொசுக்கள் என்னைப் படித்து முடித்திருந்தன.
படகுக்காரர் சவ்வாத்திதான்
தேநீர்க் கெண்டி வைக்க இடம் தேடி
ஒரு பலகைக் கல்லைக் காலால் நெம்பினார்.
வட்டம். வட்டத்துக்குள் வட்டம்.
துளி விழுந்த கணத்தில் உறைந்துபோன குட்டை.

"இதற்கு வாய் எங்கே?"
வாய் இல்லை.
"கண்?"
இல்லை.
"பிறகு எப்படித்தான் பிழைத்தது?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான்
நாற்பத்தாறு வருடம் சம்பளம் வாங்கினேன்,
வராத மூன்று வருடம் நீங்கலாக.

ஜெல்லிமீன் என்று எழுதினேன்.
ஐம்பத்தைந்து கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில்
முதலில் நீந்திய உடல்களில் ஒன்று என்று
துணிந்து எழுதினேன்; வயது அப்படி.
சவ்வாத்தியா என்று பெயர் வைத்தேன்.
அவர் அதைத் தன் படகிலும் எழுதிக்கொண்டார்,
ஓர் எழுத்துப் பிழையோடு.

இங்கே ராத்திரிதான் வேலை நேரம்.
நள்ளிரவை ஒட்டிச் சூரியன்
கடலில் முழங்கை ஊன்றும்போது
வெளிச்சம் கல்லின்மேல் படுத்தபடி வரும்;
நகக்கீறல் அளவு மேடும் நிழல் கட்டும்.
என் மகன் தவழ்ந்து நடந்து பள்ளி முடித்த
கோடைகளையெல்லாம்
இந்த வெளிச்சத்துக்குக் கொடுத்தேன்.
அவன் இப்போது முர்மான்ஸ்கில் கப்பல் எஞ்சின் பார்க்கிறான்.
கல் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவான்.

நாடு பெயரை மாற்றிக்கொண்டது. நகரமும்.
இழுப்பறைச் சீட்டில் மட்டும் இன்னும் லெனின்கிராட்.
சம்பளத்துக்குப் பதில் உருளைக்கிழங்கு மூட்டை வந்த குளிரில்
அருங்காட்சியகக் கூரை ஒழுகியது.
ஈரம் உறைந்தால் கல் பிளக்கும்.
துணி கிடைக்கவில்லை.
நாற்பத்தொரு வட்டங்களையும்
வீட்டிலிருந்த கம்பளிக் காலுறைகளில் நுழைத்து வைத்தேன்.

பிறகு ஒரு ஜூன்.
பனி உருகிச் சரிந்த களிமண்ணில்
நாற்பத்திரண்டாவது.
வட்டத்தின் நடுவிலிருந்து ஒரு தண்டு,
தண்டின்மேல்
உதறி விரித்த இறகு, என் முழங்கை நீளம்.

உட்கார்ந்துவிட்டேன்.

நீந்தவே இல்லை அது.
ஊன்றி நின்ற ஒன்றின் பாதம்.
புயல் இறகுகளைப் பிய்த்துக்கொண்டு போக
மணலுக்கடியில் தங்கிவிட்ட பாதங்கள்.
அந்தக் குளிரில் தெரியாமல் சரியாகச் செய்திருக்கிறேன்:
காலுக்குக் காலுறை.

நான் வைத்த பெயரை நானே அடித்த கட்டுரை
ஒன்பது பக்கம்.
இறகுக்கு எனக்கு ஆறு வருடம் முன்பே
வேறொருவர் பெயர் வைத்திருந்தார்.
முந்தியவர் பெயரே நிற்கும், விதி.
மாணவர்கள் தேற்ற வந்தார்கள்.
எனக்கோ நல்ல பசி.

சவ்வாத்தியிடம் சொல்லத்தான் தயக்கம்.
நவாகா மீனைக் கீறிக்கொண்டே கேட்டார்:
"அப்போ நான் இல்லையா?"
"இருக்கிறீர்கள். இன்னொருவருடைய காலாக."
கத்தியைத் துடைத்தார். யோசித்தார்.
"படகில் மாற்ற முடியாது.
பெயிண்ட் என்ன விலை தெரியுமா?"

இப்போது படகை ஓட்டுவது அவர் பேத்தி உல்யானா.
அவர் முன்பக்கம் உட்கார்ந்து
அவளுக்குத் தெரிந்த பாறைகளையெல்லாம் எச்சரிக்கிறார்.

நேற்று புரட்டிய பலகையில் உடல் எதுவும் இல்லை.
விரல் அகலத்தில் ஒரு தடம்.
நேராக வந்திருக்கிறது,
ஓரிடத்தில் தயங்கியிருக்கிறது,
தயங்கிய இடத்தில் கொஞ்சம் ஆழம் கூடுதல்,
பிறகு இடதுபுறம்.

ஏன் இடது?

வெளிச்சம் இன்னும் பத்து நிமிடம் தங்கும்.
சவ்வாத்தி,
கெண்டியை அதன்மேல் வைக்காதீர்கள்.