அரை நொடி

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன்
எங்கள் ஃபியோர்டுக்குத் திரும்ப இரண்டு மாதம் ஆகும்.
அதுவரை காலை ஏழு மணிக்கு
குழந்தைகள் அறையில் ஒரு விளக்கு தானாக விடிகிறது.
முதலில் சால்மன் மீனின் நிறம்,
பிறகு வெண்ணெய்.
கோடையில் இரவு இல்லை, இப்போது பகல் இல்லை.
இரண்டு வயது உல்ஃப்ரூனுக்கு
விடியல் என்றால் அந்த விளக்குதான்.

சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்
பேசும் பெட்டி.
அதற்கு எங்கள் ஐஸ்லாந்து மொழி தெரியாது.
காது மந்தமான விருந்தாளியிடம் கத்துவதுபோல்
ஐந்து வயது பிராந்துர்
ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறான்,
இந்த மழை எப்போது நிற்கும் என்று.
(நிற்காது. அதை நானே சொல்லியிருப்பேன்.)
பிறந்தநாள் பரிசு, வங்கிக் கடன், மாமியார் சண்டை,
எல்லாவற்றையும் அதன் முன்னால்தான் பேசிக்கொள்கிறோம்.
அது நம் மொழியைக் கற்றுக்கொள்ளும் நாளில்
வேறு இடம் பார்க்க வேண்டும்.

தரை கூட்டும் இயந்திரம் சோபாவுக்கு அடியில்
ஒற்றைக் காலுறையை விழுங்கிவிட்டுத் திணறுகிறது.
கவிழ்த்துப் போட்டு வயிற்றைத் திறக்கிறேன்.
ஆறு வருடம் மீன் ஆலையில்
குடல் உருவிய கை.

தோர்கில்ஸ் கடலில்.
முப்பது நாள் அங்கே, முப்பது நாள் இங்கே
என்று ஒப்பந்தம் சொல்கிறது; புயல் வேறு சொல்லும்.
குட்டிக் கட்டிலுக்கு மேலே சுவரில்
கட்டைவிரல் அளவு கேமரா.
பச்சைப் புள்ளி எரிந்தால் அப்பா வந்தாயிற்று.
எங்கோ செயற்கைக்கோளைத் தொட்டு வந்து
கொட்டாவி விடுவான், கதை சொல்வான்,
அலை அடித்தால் துண்டு துண்டாகப் போவான்.
உல்ஃப்ரூன் தன் ரொட்டியைப் பிய்த்து
பாதியைப் புள்ளிக்கு நீட்டுவாள்.

நேற்று அவன் வந்தான்.
தாடி, டீசல் வாசனை,
வாசலை அடைத்துக்கொண்டு நின்ற உடம்பு.
தூக்கினான். அலறினாள்.
வில்லாக வளைந்து, சுவரை நோக்கிக் கைநீட்டி
"அப்பா! அப்பா!" என்று,
அவனிடமிருந்து காப்பாற்றச் சொல்லி
அவனையே கூப்பிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வந்திருக்கக் கூடாது.
அதைப் பிடுங்கி எறிந்துவிடட்டுமா என்றேன்.
"வேண்டாம்.
இத்தனை நாள் அவளைத் தூங்க வைத்தவன் அவன்தான்"
என்றான், யாரோ நல்ல அண்டைவீட்டுக்காரனைப் பற்றிச்
சொல்வதுபோல.

பிறகு போனோடு வெளியே போய்
நடைவழியில் ஈரமான பூட்ஸ்களுக்கு நடுவே உட்கார்ந்தான்.
பச்சைப் புள்ளி எரிந்தது.
அவள் விக்கல் அடங்கியது.
தலை தனியாகவும் வால் தனியாகவும்
ஊருக்குப் புறப்பட்ட ஒரு காட் மீனின் கதை.
சொல்லிக்கொண்டே எழுந்தான்.
சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினான்.

இப்போது வாசலில் ஒரு குரல்,
அரை நொடி கழித்து
சுவரில் அதே குரல்.
அவள் மேலே பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மேலே.
"வால் எங்கே?" என்றான் தோர்கில்ஸ்.
எங்கே, என்றது சுவர்.

ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள்.
ஒரு பாதி, வழக்கம்போல், புள்ளிக்கு.
மற்றப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு
அவனை வெகுநேரம் பார்த்தாள்.
அவன் குனிந்து வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

அவனைப் பார்த்தபடியே
தானே தின்றாள்,
மெதுவாக.